விழுக்காடு: சொல்லும் பொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புகைவண்டியே ஓடாத ஊருக்கு இருப்புப்பாதை எழுத்தர் ஒருவரைச் சொற்பொழிவாளராக அழைத்திருக்கின்றீர்கள். திக்லிபூரில் எம்மால் ஒருவர்க்கும் பயணச்சீட்டு எழுதித் தர இயலாது. ஆதலின், சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆராயலாம் எனத் துணிந்தோம். யாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கட்டணத்தைக் கூட்டுவதும் கழிவைக் கழிப்பதுமே தொழிலாகக் கொண்டோம். அத்தொழிலில் நாள்தோறும் எம் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. 'விழுக்காடு' என்று சிலரும், 'சதவீதம்' என்று பலரும், 'பெர்சன்ட்' என்று எல்லோரும் வழங்கும் சொல் அது. அச்சொல்லின் பொருளும் வழக்கும் யாவை, அதனை எவ்வாறு கேட்க வேண்டும், எவ்வாறு சொல்ல வேண்டும் என்பனவே இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வூர் ஒரு மொழிக் கண்காட்சி. விடுமுறையில் தமையனார் வீட்டிற்கு வந்துள்ள யாம் கடைத்தெருவில் நான்கு அடி நடந்தால் நான்கு மொழிகள் எதிர்ப்படுகின்றன. நூற்றுக்கு இத்தனை என்பதை வங்காளத்து அன்பர் 'சதகரா' என்கின்றார். இந்தி பேசுவோர் 'பிரதிசத்' என்கின்றனர். மலையாளத்தார் 'சதமானம்' என்கின்றனர். தெலுங்கர் 'சாதம்' என்கின்றனர். தெலுங்கு நண்பர் ஒருவர் 'பதி சாதம்' குறைத்துத் தருவதாகச் சொன்னபோது, எம்முடன் வந்த எம் சிறு மகன், கடையில் சோறும் போடுவார்கள் போலும் என்று எண்ணி மகிழ்ந்தான்.

இச்சொற்கள் அனைத்திலும் நூறு என்னும் பொருளுடைய 'சத' என்னும் வடசொல் உள்ளே இருக்கின்றது. நம் சதவீதமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 'ஆளுக்கு ஒரு படி வீதம்' என்னும்போது வரும் வீதமே இதிலும் வருகின்றது. ஆகவே சதவீதம் என்பது நூற்றுக்கு இவ்வளவு வீதம் என்பதாம். சிலர் 'சதவிகிதம்' என எழுதுவர். விகிதம் என்பது இரண்டு அளவுகளுக்கு இடையேயான ஒப்பு. இரண்டு வடிவங்களும் நம் செய்தித்தாள்களில் வழங்குகின்றன.

கடல் கடந்த தமிழரிடையே வழக்கு வேறுபடுகின்றது. இலங்கைத் தமிழ் ஏடுகள் சதத்தையும் விட்டுவிட்டு, '20 வீதம்' என்றும் எழுதும். அங்குள்ளோர் அதனை நூற்றுக்கு இருபது என்றே கொள்வர். அந்நாட்டில் 'சதம்' என்றால் ரூபாயின் நூற்றில் ஒரு கூறாகிய காசு. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழ் ஏடுகளில் 'விழுக்காடு' மிகுதியும் ஆளப்படுகின்றது. தமிழகத்துப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் 'சதவீதம்' இருக்கும். தமிழறிஞர் மேடையில் 'விழுக்காடு' ஒலிக்கும்.

விழுக்காடு என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். விழு என்பது வினை. 'மொத்தச் செலவு இவ்வளவு ஆயிற்று. ஆளுக்கு எவ்வளவு விழும்?' என்று நாம் இன்றும் கேட்கின்றோம் அன்றோ? பங்கிட்டுப் பார்க்கும்போது ஒவ்வொன்றின்மேலும் வந்து சேரும் அளவே விழுவது. இறுதியில் உள்ள 'காடு' மரம் செறிந்த காடு அன்று. திக்லிபூரில் நின்றுகொண்டு காடு என்றால் சேடில் சிகரத்தைச் சூழ்ந்த பெருவனமே கண்முன் தோன்றும்; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சாதலைச் சாக்காடு என்றும், வேதலை வேக்காடு என்றும், நோதலை நோக்காடு என்றும் சொல்கின்றோமே, அவ்விகுதியே இது. சாக்காடு என்னும் சொல் திருக்குறளிலேயே ஆளப்பட்டுள்ளது. எனவே விழுக்காடு என்பது பங்கிடும்போது விழும் அளவு எனப் பொருள்படும்.

இச்சொல்லை எழுதும் முறையிலும் சற்றுக் கருத்துச் செலுத்துதல் வேண்டும். வீடு என்பது வீட்டில் என்றும், காடு என்பது காட்டில் என்றும் ஆவதுபோல, விழுக்காடு என்பதும் விழுக்காட்டில், விழுக்காட்டை என்றே ஆகும். 'விழுக்காடில்' என எழுதுதல் பிழை. மக்களைக் குறிக்குமிடத்து 'அறுபது விழுக்காட்டினர் வந்தனர்' எனல் அழகு. பொருள்களைக் குறிக்குமிடத்து 'அறுபது விழுக்காடு விளைந்தது' என்றால் போதும்.

விழுக்காடே எழுத வேண்டும், சதவீதம் வடமொழி என்பார் சிலர். சதவீதமே எல்லோர்க்கும் விளங்கும், விழுக்காடு புலவர் சொல் என்பார் சிலர். இரண்டும் நல்ல சொற்களே என்பது எம் எண்ணம். கூர்ந்து நோக்கினால் வேறொன்று தெரியவரும். விழுக்காடு என்னும் சொல்லில் 'நூறு' இல்லை. அதனை நாமே உள்ளத்தில் சேர்த்துக்கொள்கின்றோம். சதவீதம் என்னும் சொல்லில் நூறு இருக்கின்றது. ஆனால், 'எதில் நூறு?' என்பது இச்சொற்களுள் எதிலும் இல்லை. அதனைச் சொல்பவர் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிடில் கேட்பவர் கேட்க வேண்டும். இஃது ஒன்றைச் சொல்லவே யாம் இம்மேடையில் நிற்கின்றோம்.

நூற்றை அடிப்படையாக வைத்து எண்ணும் வழக்கம் மிகப் பழையது. உரோமப் பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் ஏலத்தில் விற்கும் பொருள்களுக்கு நூற்றில் ஒன்று வரியாக வாங்கப்பட்டது. பிற்காலத்து இத்தாலிய வணிகர் நூற்றுக்கு என்னும் பொருளில் 'பெர் செந்தோ' என எழுதினர். எழுதி எழுதிச் சுருங்கியதால் பிறந்ததே, சாய்கோட்டின் இருபுறமும் சுழி இட்டு நாம் இன்று எழுதும் குறி. நம் முன்னோரோ ஒன்றை அடிப்படையாக வைத்து, அதன் கீழே பின்னங்களுக்கு அழகழகான பெயர்களை இட்டனர். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன நாம் அறிந்தவை. இருபதில் ஒன்று ஒரு மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. ஒரு மா என்பது இன்றைய கணக்கில் ஐந்து விழுக்காடு. ஒரு வீசம் ஆறேகால் விழுக்காடு. ஒரு காணி ஒன்றேகால் விழுக்காடு. அம்முறையில் ஒரு நன்மை இருந்தது. 'கால்' என்று வாய் திறந்தவுடன் 'எதில் கால்?' என்று கேட்கத் தோன்றும். விளைச்சலில் கால், நிலத்தில் கால், வீட்டில் கால் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். 'இருபத்தைந்து விழுக்காடு' என்று முழங்கினாலோ, அது தனித்து நிற்கும் பொருள்போல் தோன்றி நம்மை மயக்கிவிடுகின்றது.

எம் தொழிலிலிருந்தே ஒரு சான்று காட்டுவோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் வரை, ஐம்பத்தெட்டு வயது நிரம்பிய பெண்டிர்க்குப் புகைவண்டிக் கட்டணத்தில் ஐம்பது விழுக்காடு சலுகை இருந்தது. பின்னர் அது நிறுத்தப்பட்டுவிட்டது. அச்சலுகை இருந்த நாளில், முதிய தாய்மார் பலர் சன்னலில் நின்று, "பாதி என்றுதானே தம்பி சொன்னார்கள்? நீ பாதிக்கு மேல் கேட்கிறாயே?" என்று எம்மை வினவுவர். அவர்கள் கேட்டது முறையே. ஆனால் அச்சலுகை அடிப்படைக் கட்டணத்திற்கு மட்டுமே உரியது. முன்பதிவுக் கட்டணத்திற்கும் அதிவிரைவு வண்டிக் கட்டணத்திற்கும் அது கிடையாது. ஐம்பது என்பது உண்மை; 'எதில் ஐம்பது' என்பதை அவர்களுக்கு முன்னரே யாரும் சொல்லவில்லை. சீட்டின் மொத்த விலையில் ஐம்பது என அவர்கள் கொண்டார்கள்.

இவ்விடத்தில் நம் தமிழ் வேற்றுமை உருபுகள் செய்யும் உதவியை வியக்காமல் இருக்க இயலவில்லை. 'நூற்றில் பத்து' என்பது வேறு. 'நூற்றுக்குப் பத்து' என்பது வேறு. நூற்றில் பத்து என்றால், நூற்றுக்குள் அடங்கிய பத்து. நூற்றுக்குப் பத்து என்றால், நூறு ஒருபுறம் இருக்க, அதன்பொருட்டு மேலும் வரும் பத்தாகவும் இருக்கலாம். வட்டியும் வரியும் 'நூற்றுக்கு' என வருபவை. பங்கும் தள்ளுபடியும் 'நூற்றில்' என வருபவை. ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பதினெட்டு விழுக்காடு வரி சேர்த்தால் 1,180 ரூபாய். அவ்வரியை நீக்கிப் பழைய விலையைக் காண்போம் என்று 1,180 ரூபாயில் பதினெட்டு விழுக்காட்டைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசுதான் வரும், ஆயிரம் வராது. விலைக்குப் பதினெட்டு எனக் கூட்டியதை, மொத்தத்தில் பதினெட்டு எனக் கழித்ததால் வந்த குறை அது. விழுக்காடு மாறவில்லை, நூறு எனக் கொண்ட பொருள் மாறிவிட்டது.

இத்தீவில் பாக்கும் தேங்காயும் விளைவிப்போர் இதனை மற்றொரு வகையில் அறிவர். கிலோ நானூறு ரூபாய்க்கு விற்ற பாக்கு ஐம்பது விழுக்காடு விழுந்தால் இருநூறு ஆகும். மறுபடியும் ஐம்பது விழுக்காடு ஏறினால் நானூறு ஆகிவிடுமா? ஆகாது, முந்நூறுதான் ஆகும். விழும்போது நானூற்றில் பாதி. ஏறும்போது இருநூற்றில் பாதி. பழைய நிலையை எய்த வேண்டுமானால் நூறு விழுக்காடு ஏற வேண்டும். 'விழுந்தது ஐம்பது, ஏறியது ஐம்பது, ஆகவே இழப்பில்லை' என்று ஒரு வணிகர் சொன்னால், நாம் அவரோடு கணக்கிட்டுப் பார்த்த பின்னரே தலையசைக்க வேண்டும்.

நகைக்கடை விளம்பரம் தாய்மார்கள் அறிந்தது. 'சேதாரத்தில் ஐம்பது விழுக்காடு தள்ளுபடி' என்று பெரிய எழுத்தில் போடுவர். ஐந்து பவுன், அஃதாவது நாற்பது கிராம் நகைக்குப் பன்னிரண்டு விழுக்காடு சேதாரம் என்றால் 4.8 கிராம். அதில் பாதி குறைந்தால் மிச்சம் 2.4 கிராம். நகையும் சேதாரமுமாகிய 44.8 கிராமுக்குக் கொடுக்கும் விலையில், இது நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்றே மேல். ஐம்பது என்பதும் பொய்யன்று. ஐந்து என்பதும் பொய்யன்று. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஐம்பது. நம் மடியில் மிஞ்சுவது ஐந்து.

இனி, நம் மக்களின் வாழ்வையே ஆட்டிப் படைக்கும் வட்டிக்கு வருவோம். ஈண்டு 'எதில்?' என்னும் கேள்வியோடு 'எவ்வளவு காலத்திற்கு?' என்னும் கேள்வியும் சேர்கின்றது. வங்கியில் 'பத்து விழுக்காடு' என்றால் ஓராண்டுக்கு நூற்றுக்குப் பத்து. நம் ஊர்ப்புற வழக்கிலோ 'இரண்டு வட்டி', 'மூன்று வட்டி' என்றால் ஒரு திங்களுக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று. 'இரண்டு பைசா வட்டி' என்பதும் அதுவே: ஒரு ரூபாய்க்கு ஒரு திங்களுக்கு இரண்டு பைசா. ஆகவே மூன்று வட்டி என்பது ஆண்டுக்கு முப்பத்தாறு விழுக்காடு.

எமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர், படித்தவர், நகரத்தில் வளர்ந்தவர். மகள் திருமணத்திற்கு ஐம்பதாயிரம் ரூபாய் குறைந்தது. வங்கியில் பத்து விழுக்காட்டிற்கு மேல் கேட்கின்றார்கள். இங்கே மூன்றுதானே என்று மகிழ்ந்து, தெரிந்தவர் ஒருவரிடம் கடன் வாங்கிவிட்டார். முதல் திங்கள் முடிவில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டபோதுதான் அவர்க்கு உலகம் புரிந்தது. ஈராண்டில் முப்பத்தாறாயிரம் ரூபாய் வட்டி கட்டினார். முதல் ஒரு காசும் குறையவில்லை. இறுதியில் வீடு கட்டுவதற்கென வாங்கி வைத்திருந்த மனையை விற்றுக் கடனைத் தீர்த்தார். கடன் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. 'மூன்று' என்றார், மூன்றே வாங்கினார். ஒரு சொல் இருவர் காதில் இரு பொருளாய் விழுந்தது. அதன் விலை ஒரு மனை.

எம் அன்னையார் பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாதவர். விழுக்காடு, சதவீதம் ஆகிய இரு சொற்களையும் அவர் வாய் சொல்லி யாம் கேட்டதில்லை. ஆயினும் அடகுக் கடையில் நகையைக் கழற்றி வைக்கும் முன்னர் அவர் கேட்கும் கேள்வி எமக்கு நன்றாக நினைவிருக்கின்றது. "நூத்துக்கு மாசம் எவ்வளவு? எடுத்த எடுப்புலயே வட்டியைப் பிடிச்சுக்குவீங்களா?" என்பார். இவ்வளவுதான். எதற்கு, எவ்வளவு காலத்திற்கு, கையில் வருவது எவ்வளவு என்னும் மூன்றும் அதில் அடங்கிவிட்டன. கல்லாத அந்த அம்மையார் கேட்ட கேள்வியைக் கற்ற நம்மில் எத்தனை பேர் கேட்கின்றோம்?

அவர் கேட்ட இரண்டாம் கேள்வியின் அருமை தண்டல் கடனில் விளங்கும். பத்தாயிரம் ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தை வட்டியாக முதலிலேயே பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரத்தைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்ட வேண்டும். 'வட்டி பத்துதான்' என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் நாள் நம்மிடம் இருக்கும் அவர் பணம் ஒன்பதாயிரம். நாள்தோறும் அது குறைந்து, நூறாம் நாள் ஒன்றுமில்லாமல் போகின்றது. ஆகவே நூறு நாளும் சராசரியாக நம்மிடம் இருந்தது ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறே. அதற்கு வட்டி ஆயிரம் என்றால், நூறு நாளைக்கே நூற்றுக்கு இருபத்திரண்டு. ஆண்டுக் கணக்கில் எண்பது விழுக்காட்டளவு ஆகின்றது. பத்து எங்கே? எண்பது எங்கே? தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு மிகைவட்டித் தடைச் சட்டம் இயற்றப்பட்டபோது, நாள்வட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே அதில் சேர்த்தார்கள். எத்தனைக் குடும்பங்களின் கண்ணீர் அப்பெயர்களுக்குப் பின்னால் நிற்கின்றது என்பதை உள்ளத்தில் கொள்ளுதல் வேண்டும். ஊரையும் உற்றாரையும் விட்டுக் கடல் கடந்து வந்தோர்க்கு அவசரத் தேவைகள் மிகுதி. தாங்கிப் பிடிக்கும் உறவினர் குறைவு. ஆதலின் இக்கணக்கு நமக்கு ஏட்டுக் கணக்கு அன்று.

வீட்டுக் கணக்கிலிருந்து நாட்டுக் கணக்கிற்குச் செல்வோம். அங்கும் இக்கேள்வியே திறவுகோல். தமிழகத்தில் இடஒதுக்கீடு மொத்தம் 69 விழுக்காடு. அதில் பட்டியல் சாதியினர்க்குரியது 18. அப்பதினெட்டுக்குள் அருந்ததியர்க்கு உள்ஒதுக்கீடு வழங்க 2009ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. அது எத்தனை விழுக்காடு? செய்தித்தாள் 'மூன்று' என்கின்றது. சட்டம் 'பதினாறு' என்கின்றது. இரண்டும் மெய்யே. பட்டியல் சாதியினர்க்குரிய இடங்களை நூறு எனக் கொண்டால், அவற்றில் பதினாறு. மொத்த இடங்களை நூறு எனக் கொண்டால், ஏறத்தாழ மூன்று. 'பதினாறு கொடுத்துவிட்டார்கள்' என ஒருவரும், 'மூன்றே கொடுத்தார்கள்' என மற்றொருவரும் தெருவில் நின்று பூசலிட்டால், இருவரும் ஒன்றையே சொல்லிக்கொண்டு சண்டையிடுகின்றார்கள் என்பதே பொருள்.

விழுக்காட்டையே கூட்டிக் குறைக்கும்போது மற்றொரு மயக்கம் தோன்றும். 2022ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நான்காக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரியில் ஆறரை ஆயிற்று. எவ்வளவு உயர்ந்தது? ஆறரையிலிருந்து நான்கைக் கழித்தால் இரண்டரை. ஆனால் நான்கை நூறு எனக் கொண்டால், அஃது அறுபத்திரண்டரை விழுக்காட்டு உயர்வு. குழப்பம் நேராதிருக்க, முன்னதனை 'விழுக்காட்டுப் புள்ளி' என வழங்குதல் நன்று: இரண்டரை விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது எனல் வேண்டும். நூற்றுக்கு மேல் விழுக்காடு வருமா எனச் சிலர் ஐயுறுவர். வளர்ச்சியில் வரும், ஒன்று மூன்றானால் அஃது இருநூறு விழுக்காட்டு வளர்ச்சி. பங்கில் வாராது, ஒரு பானைச் சோற்றில் நூற்றிருபது விழுக்காட்டை யாராலும் உண்ண முடியாது.

நம்மையே ஒரு விழுக்காடாகக் கண்டு பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவருள் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழப் பதினைந்து விழுக்காட்டினர். ஐம்பத்தெட்டாயிரம் பேர் அளவில் ஆகும். அதே ஆண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். அத்தொகையோடு ஒப்பிட்டால் இத்தீவுத் தமிழர் பத்தாயிரத்திற்கு எட்டுப் பேரே. ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு கூறுகூட இல்லை. தீவில் நின்று பார்த்தால் ஏழு பேரில் ஒருவர். தாயகத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத துளி. இருவேறு எண்களும் அந்த ஐம்பத்தெட்டாயிரம் பேரையே குறிக்கின்றன. எண் சிறிதென்று நாம் தாழ வேண்டுவதும் இல்லை. பெரிதென்று தருக்க வேண்டுவதும் இல்லை. எதனோடு ஒப்பிட்டு எனக் கேட்டால் போதும்.

உங்கள் ஊரின் பெயரோடு இணைந்து நாடெங்கும் பேசப்பட்ட விழுக்காடு ஒன்று உண்டு. இருப்புப்பாதைத் துறையைச் சார்ந்த யாம் அதனைச் சொல்லாமல் செல்லலாகாது. 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து திக்லிபூர் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளத்திற்குப் புகைவண்டிப் பாதை அமைப்பது பற்றிய செய்தி, 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாளேடுகளில் வெளிவந்தது. மதிப்பிட்ட செலவு 2,413 கோடி ரூபாய்க்கு மேல். புதிய பாதை ஒன்றைத் தொடங்கும் முன்னர், போடும் முதலுக்குப் பன்னிரண்டு விழுக்காடேனும் ஆதாயம் உண்டா எனப் பார்ப்பது அப்போதைய முறை. திக்லிபூர்ப் பாதைக்கு வந்த விடையோ, கழித்தல் குறியோடு 9.64 விழுக்காடு! அஃதாவது ஆதாயம் இல்லாததோடு, இட்ட முதலும் முழுதாய்த் திரும்பாது என்பது கணக்கு. எனினும் இப்பாதை தனித்தன்மை உடையது, நாட்டின் பாதுகாப்பிற்கு இன்றியமையாதது எனத் துறையினர் அப்போது கருதியதாகவும் செய்தி வந்தது. இத்தீவில் பயணிகள் புகைவண்டி இன்னும் ஓடவில்லை.

அந்த எண்ணை யாம் குறை கூறவில்லை. கணக்கர் கணக்கைச் செய்தார். ஆனால் அங்கும் நாம் கேட்க வேண்டுவது 'எதில்?' என்பதே. இட்ட பணத்திற்குக் கட்டணமாய்த் திரும்பும் பணம் எவ்வளவு என்பதே அதன் அளவுகோல். நோயுற்ற ஒருவரைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேரும்போது உற்றார் படும் பாடும், மழைக்காலத்தில் பெருவழிச் சாலையில் கழியும் பொழுதும் அந்த நூற்றுக்குள் அடங்கா. விழுக்காடு ஒரு நல்ல விளக்கு. எனினும் எங்கே பிடிக்கின்றோமோ அங்கேதான் ஒளி விழும். ஒளி விழாத இடத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிடலாகாது.

பெரியோர்களே! இறுதியாக, இச்சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நம் பிள்ளைகட்கு விழுக்காடு என்றும் கற்பிப்போம். சதவீதம் என்றும் கற்பிப்போம். எந்தச் சொல்லைக் கேட்டாலும் 'எதில்?', 'எவ்வளவு காலத்திற்கு?', 'எதனோடு ஒப்பிட்டு?' என மூன்று கேள்விகளைக் கேட்கவும் உடன் கற்பிப்போம். சங்கத்தில் மாலை நேரத்தில் அரைமணி ஒதுக்கி, கடன் வாங்க எண்ணும் எவரும் தம் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால், கணக்கறிந்த உறுப்பினர் ஒருவர் அதிலுள்ள விழுக்காட்டை ரூபாயாக மாற்றி, 'கையில் இவ்வளவு வரும், மொத்தம் இவ்வளவு கட்ட வேண்டும்' என ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அதற்குப் பெரும்படிப்பு வேண்டா. பெருக்கல் வாய்பாடும் பொறுமையும் இருந்தால் போதும். மொழி காக்கும் சங்கம் அம்மொழி பேசுவோரின் மடியையும் காத்தால், அதனினும் பெரிய தமிழ்த்தொண்டு ஏது?